கட்டைச் செருப்பும் ‘சாபடாஜ்’ என்ற சொல்லும்: வாசகர் கேள்வி–பதில்

வேண்டுமென்றே ஒரு வேலையைக் கெடுப்பது, உள்ளிருந்தபடியே ஓர் அமைப்பை முடக்குவது. இதற்கு ஆங்கிலத்தில் ‘சாபடாஜ்’ என்று பெயர். நம் செய்தித்தாள்கள் ‘நாசவேலை’ என்று எழுதுகின்றன. இந்தச் சொல்லைப் பற்றி வந்த கேள்விகளை இங்கே சேர்த்துத் தந்திருக்கிறோம்.

கேள்வி: பிரெஞ்சுத் தொழிலாளர்கள் தங்கள் மரச்செருப்பைக் கழற்றி எந்திரத்துக்குள் எறிந்தார்கள், அதனால்தான் ‘சாபடாஜ்’ என்று பெயர் வந்தது என்று பள்ளியில் படித்தேன். கல்லூரியில் பேராசிரியர் அது கட்டுக்கதை என்கிறார். எதை நம்புவது?

பதில்: பேராசிரியரை நம்புங்கள். செருப்பு உண்மை. எறிந்ததுதான் கதை.

‘ஸாபோ’ என்பது பிரான்ஸின் கிராமப்புற உழைப்பாளிகள் போட்ட கட்டைச் செருப்பு. ஒரே மரத்துண்டைக் குடைந்து செய்வது. பீச், பிர்ச், ஆல்டர், வில்லோ போன்ற மரங்களைப் பச்சையாக இருக்கும்போதே வெட்டி எடுப்பார்கள். காய்ந்த மரம் உளிக்கு எளிதில் இணங்காது என்பதே காரணம். முதலில் வாய்ச்சியால் உருவம் கொத்தி, ஒரு முனை பலகையில் மாட்டிய நீளக் கத்தியால் வெளிப்புறத்தைச் சீவி, கரண்டி போன்ற முனையுள்ள துரப்பணத்தால் உள்ளே குடைவார்கள். அதன் பிறகுதான் உலர்த்துவது. அவசரப்பட்டு உலர்த்தினால் கட்டை வெடித்துவிடும்.

இந்தச் செருப்பில் அடிப்பாகம் வளையாது. தோல் செருப்பில் நடக்கும்போது பாதம் மடங்கி எழுகிறது. கட்டைச் செருப்பில் பாதம் முழுவதையும் அப்படியே தூக்கி அப்படியே வைக்க வேண்டும். குதிகால் உள்ளே ஏறி இறங்கும். அதைத் தாங்க வைக்கோல் திணித்துக்கொள்வார்கள். கல் பாவிய தெருவில் ‘கடக் கடக்’ என்று சத்தம் எழும். நிலத்தில் வேலை செய்ய நல்ல காப்பு, ஆனால் நளினமாக நடக்க முடியாது. இந்த நடையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சொல்லின் திறவுகோல் இதுதான்.

‘ஸாபோ’விலிருந்து ‘ஸாபொத்தே’ என்ற வினைச்சொல் பிறந்தது. முதலில் அதற்குக் கட்டைச் செருப்போடு தடதடவென்று நடப்பது என்று பொருள். பிறகு அந்தத் தடதடப்பு வேலைக்கும் ஏறியது. அரைகுறையாக, அவசரகதியில், கைக்கு வந்தபடி ஒன்றைச் செய்து முடிப்பவனை அந்தச் சொல்லால் குறித்தார்கள். ஒரு நல்ல இசைத் துண்டை ஒருவர் கெடுத்து வாசித்தாலும் அதே சொல்தான். ‘ஒப்பேற்றிவிட்டான்’, ‘சொதப்பிவிட்டான்’ என்று நாம் சொல்கிறோமே, அந்த இடம். இதில் எந்திரமும் இல்லை, எறிதலும் இல்லை.

இந்தச் சொல்லைத் தொழிலாளர் இயக்கத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் எமில் பூஜே என்ற பிரெஞ்சு இதழாளர். 1860-இல் பிறந்து 1931-இல் இறந்தவர். இந்தப் போராட்ட முறையை விளக்கித் தனியாகவே ஒரு சிறு நூல் எழுதினார். சொல் எப்படி வந்தது என்று அதில் அவரே சொல்கிறார்: இது கொச்சைப் பேச்சில் இருந்த சொல், கட்டைச் செருப்பால் மிதித்துச் செய்ததுபோல மோசமாகச் செய்த வேலை என்று பொருள். பெயர் வைத்தவரே இப்படிச் சொல்லியிருக்க, எந்திரத்துக்குள் பறக்கும் செருப்பைத் தேடிப் போக அவசியமே இல்லை.

கதையின் விவரங்களைத் தட்டிப் பார்த்தாலும் அது நிற்கவில்லை. நெதர்லாந்தில் நடந்ததாக ஒரு வடிவம் உண்டு. டச்சு மொழியில் மரச்செருப்புக்கு ‘க்ளொம்ப்’ என்று பெயர், ‘ஸாபோ’ அல்ல. அங்கே எறிந்திருந்தால் வேறு சொல் பிறந்திருக்கும். லியோன் நகர நெசவாளர்கள் ஜக்கார்ட் தறிக்குள் எறிந்ததாக இன்னொரு வடிவம். 1800-களின் தொடக்கத்தில் வந்த அந்தத் தறி நெசவாளர் காலால் மிதித்தால்தான் ஓடும். அதை நிறுத்தச் செருப்பு எதற்கு? காலை எடுத்தால் போதும். எந்திரங்களை உண்மையிலேயே உடைத்தவர்கள் இங்கிலாந்தின் லடைட்டுகள், 1811 முதல் 1816 வரை. அவர்கள் கொண்டுபோனது பெரிய சம்மட்டி. ஓர் எந்திரத்தை உடைக்க வந்தவன் காலில் கிடப்பதைக் கழற்றிக்கொண்டிருக்க மாட்டான்.

கேள்வி: சரி, ‘மோசமான வேலை’ என்ற கொச்சைச் சொல் ஒரு போராட்ட ஆயுதத்தின் பெயராக ஆனது எப்படி?

பதில்: இதற்கு பிரான்ஸை விட்டு ஸ்காட்லாந்துக்குப் போக வேண்டும். சொல்லின் வரலாற்றில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

1889-இல் கிளாஸ்கோ துறைமுகத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் இணங்கவில்லை. நிறையச் செலவு செய்து பண்ணை வேலையாட்களைக் கொண்டுவந்து சரக்கு ஏற்றி இறக்கினார்கள். வேலைநிறுத்தம் தோற்றது. பழைய கூலிக்கே எல்லோரும் திரும்பினார்கள். வேலைக்குத் திரும்பும்முன் சங்கச் செயலாளர் ஆட்களைக் கூட்டிப் பேசினார். அவர் பேச்சின் சாரம் இது: பண்ணையாட்களின் வேலையில் தங்களுக்குத் திருப்தி என்று முதலாளிகள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அந்த ஆட்கள் ஆடும் கப்பல் தளத்தில் நடக்கவே தெரியாதவர்கள். தூக்கும் சரக்கில் பாதியைக் கீழே போட்டார்கள். அவர்களில் இரண்டு பேர் சேர்ந்தாலும் நம்மில் ஒருவரின் வேலை நடக்கவில்லை. அந்த வேலை முதலாளிகளுக்குப் போதும் என்றால் நாமும் அதையே கொடுப்போம். அவர்கள் சில நேரம் தண்ணீருக்குள்ளும் விழுந்தார்கள், நீங்கள் அதுவரை போக வேண்டாம்.

ஓரிரு நாளிலேயே பலன் தெரிந்தது. முதலாளிகள் செயலாளரைக் கூப்பிட்டுப் பழையபடி வேலை செய்யச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள், கேட்ட உயர்வையும் கொடுத்தார்கள். இந்த முறைக்கு ஸ்காட்லாந்துப் பேச்சில் ‘கா கேனி’ என்று பெயர். ‘நிதானமாகப் போ’ என்பதுதான் அதன் பொருள்.

பூஜே 1894-இல் பிரெஞ்சு அரசின் அடக்குமுறைக்குத் தப்பி லண்டனுக்குப் போனவர். அங்கே ஆங்கிலத் தொழிற்சங்கங்களைக் கவனித்தார். திரும்பிவந்த பிறகு, 1897 செப்டம்பரில் துலூஸ் நகரில் பிரெஞ்சுத் தொழிலாளர் பொதுக் கூட்டமைப்பின் மாநாட்டில் இந்த முறை அறிக்கையாக வைக்கப்பட்டு ஏற்கப்பட்டது. ‘கா கேனி’க்குப் பிரெஞ்சில் ஒரு பெயர் வேண்டியிருந்தது. ‘சாபடாஜ்’ அப்படித்தான் மேடை ஏறியது. ‘மோசமான கூலிக்கு மோசமான வேலை’ என்பது அதன் முழக்கம்.

அறிக்கையின் தர்க்கத்தைக் கவனியுங்கள். முதலாளிக்கு உழைப்பு ஒரு சரக்கு. கடைக்காரர் குறைந்த விலைக்குத் தரம் குறைந்த சரக்கைத்தான் கொடுப்பார். தொழிலாளி மட்டும் குறைந்த விலைக்கு முதல்தரச் சரக்கைக் கொடுக்க வேண்டுமா? ஆகவே இந்தச் சொல்லின் கரு உடைந்த எந்திரமல்ல. குறைத்துக் கொடுத்த வேலை.

இதை வைத்து அந்தக் காலத் தொழிலாளர்கள் எந்திரத்தைத் தொடவே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 1895-இலேயே ரயில்வே சங்கத் தலைவர் கெரார், இரண்டு காசுப் பொருளைச் சரியான இடத்தில் சேர்த்தால் ஒரு ரயில் எஞ்சினை ஓடாமல் செய்துவிடலாம் என்று வெளிப்படையாக எச்சரித்தார். ரயில்வே ஊழியர்களின் சங்க உரிமையைப் பறிக்கும் சட்டம் வரவிருந்த நேரம் அது. பூஜேயின் நூலும் எந்திரத்தைத் தற்காலிகமாக முடக்குவதை ஒரு வகையாகச் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் அதில் வேறு வகைகளும் இருக்கின்றன. ஒன்று, எல்லா விதிகளையும் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்து வேலையை நகரவிடாமல் செய்வது. நம் தொழிற்சங்கங்கள் ‘விதிப்படி வேலை’ என்று சொல்வது இதைத்தான். இன்னொன்று ‘திறந்த வாய்’ முறை: வாடிக்கையாளரிடம் சரக்கின் உண்மையான தரத்தை அப்படியே சொல்லிவிடுவது. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று விற்பவரே சொல்லிவிட்டால் கடை என்னாகும்? இதில் எதுவும் உடையவில்லை, உண்மை மட்டும் வெளியே வருகிறது. இதையும் அவர்கள் ‘சாபடாஜ்’ என்றே அழைத்தார்கள்.

கேள்வி: ஆங்கிலத்துக்கு எப்போது வந்தது? குண்டுவைப்பு, உளவாளி என்றெல்லாம் பொருள் மாறியது ஏன்?

பதில்: ஆங்கில எழுத்தில் 1900-களின் முதல் பத்தாண்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, பிரெஞ்சுச் சொல்லாகவே தலைகாட்டுகிறது. பரவலானது 1910 அக்டோபரில். அந்த மாதம் பிரெஞ்சு ரயில்வே ஊழியர்கள் பெரிய வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பிரதமர் அரிஸ்தீத் பிரியான் அவர்களை இராணுவ ரிசர்வ் வீரர்களாக அழைத்துப் பணியில் அமர்த்தினார். அதற்குப் பிறகு வேலைக்கு வராமல் இருப்பது இராணுவக் கட்டளையை மீறுவதாகிவிடும். தந்திக் கம்பிகளும் சிக்னல் கம்பிகளும் பல இடங்களில் அறுந்தன. லண்டன் செய்தித்தாள்களுக்கு இதைச் சொல்ல ஒரு சொல் தேவைப்பட்டது, பிரெஞ்சுக்காரர்கள் சொன்னதையே எடுத்துக்கொண்டார்கள்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ‘ஸாபோ’ என்றால் மரச்செருப்பு என்று ஆங்கில வாசகருக்குத் தெரியும். ‘ஒப்பேற்றுவது’ என்ற நடுப் படி தெரியாது. செருப்புக்கும் அறுந்த கம்பிக்கும் இடையில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் எந்திரத்துக்குள் எறிந்த கதை பிறந்தது. சொல் ஆங்கிலத்துக்கு வந்த காலத்திலேயே கதையும் கூடவே வந்துவிட்டது. அமெரிக்கத் தீவிரத் தொழிற்சங்கத்தார் மரச்செருப்பையும் கருப்புப் பூனையையும் சின்னமாக அச்சிட்டு ஒட்டியபோது படம் மக்கள் மனத்தில் பதிந்துபோனது.

பிறகு முதல் உலகப் போர். 1916 ஜூலை 30-ஆம் நாள் நியூயார்க் துறைமுகப் பகுதியில் ‘பிளாக் டாம்’ என்ற இடத்தில் இருந்த வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. ஜெர்மன் உளவாளிகளின் வேலை அது. 1918-இல் அமெரிக்கா ‘சாபடாஜ்’ என்ற பெயரிலேயே ஒரு சட்டம் கொண்டுவந்தது. தொழிலாளியின் மந்தமான கையிலிருந்து எதிரி நாட்டு உளவாளியின் கைக்குச் சொல் மாறியது இந்த இரண்டு, மூன்று ஆண்டுகளில்தான்.

பழைய பொருள் செத்துவிடவில்லை. இரண்டாம் உலகப் போரில், 1944 ஜனவரியில், அமெரிக்க உளவு அமைப்பு ஒன்று எதிரி வசமுள்ள நாடுகளின் சாதாரணக் குடிமக்களுக்காக ஒரு கையேடு தயாரித்தது. 2008-இல்தான் அதன் இரகசியத்தன்மை நீக்கப்பட்டது. குறுக்குவழியே வேண்டாம், எல்லாமே முறைப்படி மேலிடம் வழியாகப் போகட்டும் என்று அடம்பிடி. எதையும் குழுவுக்கு அனுப்பு, குழுவில் ஐந்து பேருக்குக் குறையாமல் பார்த்துக்கொள். வாசகத்தின் சொற்களைப் பிடித்துக்கொண்டு வாதாடு என்றெல்லாம் அதில் அறிவுரைகள் வருகின்றன. கிளாஸ்கோ செயலாளர் பேசியதன் அலுவலக வடிவம்தான் இது.

கேள்வி: 19-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ரயில்வே நூல் ஒன்றில் ‘சாபடாஜ்’ என்ற தலைப்பில் ஒரு பகுதியே இருக்கிறது. அப்போதே ரயிலைக் கவிழ்த்தார்களா?

பதில்: இல்லை. அது தச்சு வேலை. தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டையில் (ஸ்லீப்பர் என்பது அதுவே) தண்டவாளம் அல்லது அதைப் பிடிக்கும் இரும்பு இருக்கை உட்காரும் இடத்தைச் சமமாகக் கொத்தி எடுப்பார்கள். அந்தக் கொத்தலுக்குப் பிரெஞ்சில் ‘சாபடாஜ்’ என்றே பெயர். இரண்டு பக்கப் பள்ளமும் ஒரே சாய்வில் அமையாவிட்டால் தண்டவாளம் சரியாக உட்காராது. ஆக, பாதையைக் கெடுப்பதற்கான சொல் அல்ல, பாதையைச் சரியாக அமைப்பதற்கான சொல். கட்டைச் செருப்பு செய்யும் தொழிலுக்கும் அதே பெயர் இருந்தது.

பிரெஞ்சில் ‘ஸாபோ’ பல இடங்களில் உட்காரும் சொல். குதிரையின் குளம்பு, நிலத்தில் அடிக்கும் மரத்தூணின் முனைக்கு மாட்டும் இரும்புக் கூர், வண்டிச் சக்கரத்தைத் தடுக்கும் கட்டை, பம்பரம் எல்லாமே ‘ஸாபோ’. 1910 ரயில்வே வேலைநிறுத்தத்தில் தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் ‘ஸாபோ’வைப் பிடுங்கியதால் ‘சாபடாஜ்’ வந்தது என்று ஒரு விளக்கமும் உலவுகிறது. காலக்கணக்கு அதைத் தோற்கடிக்கிறது. போராட்டப் பொருள் 1897-லேயே மாநாட்டு அறிக்கையில் இருக்கிறது, இந்த விளக்கம் சொல்லும் ரயில்வே வேலைநிறுத்தமோ அதற்கு 13 ஆண்டுகள் பிந்தியது.

கேள்வி: இலங்கைத் தமிழில் காலணிக்குச் ‘சப்பாத்து’ என்கிறோம். ‘ஸாபோ’வுக்கும் அதற்கும் உறவு உண்டா?

பதில்: உண்டு, ஒன்றுவிட்ட உறவு. ‘சப்பாத்து’ போர்த்துக்கீசிய ‘ஸபாத்து’விலிருந்து வந்தது. ஸ்பானிய மொழியில் ‘ஸபாத்தோ’, இத்தாலியத்தில் பழஞ்செருப்புக்கு ‘சபாத்தா’ (அந்த வடிவில் இருப்பதால் ஒரு ரொட்டிக்கும் அதே பெயர்), பிரெஞ்சில் தேய்ந்த செருப்புக்கு ‘ஸவாத்’. இவை ஒரே குடும்பம். ‘ஸவாத்’ என்பதோடு பூட்ஸைக் குறிக்கும் ‘பொத்’ கலந்து உருவானதே ‘ஸாபோ’ என்பது மொழியியலார் பொதுவாக ஏற்கும் விளக்கம். ஆக, யாழ்ப்பாணத்து ‘சப்பாத்து’ம் லண்டன் செய்தித்தாளின் ‘சாபடாஜ்’உம் ஒரே வேரின் இரண்டு கிளைகள்.

கேள்வி: எப்படி உச்சரிப்பது? ‘சபோடேஜ்’ என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.

பதில்: அழுத்தம் முதல் அசையில்: ‘ஸா’. நடுவில் ‘போ’ இல்லை, தேய்ந்த ‘ப’ மட்டும். கடைசி அசை ‘டாஜ்’, ‘டேஜ்’ அல்ல. இறுதி ஒலி ‘மெஷர்’, ‘விஷன்’ ஆகியவற்றின் நடுவில் வரும் அதிரும் ஒலி. தமிழில் அதற்கு எழுத்தில்லை. ஆங்கிலத்தில் ‘ழ’வை எழுதப் பயன்படுத்தும் இரண்டு எழுத்துகளாலேயே அகராதிகள் இந்த ஒலியையும் காட்டுவதால் சிலர் ‘சாபடாழ்’ என்று படித்துவிடுகிறார்கள். நாக்கை மடிக்க வேண்டாம். ‘ஷ்’ சொல்லும்போது தொண்டை அதிரட்டும், அந்த ஒலி வந்துவிடும். செய்பவரைக் குறிக்கும் ‘சாபடர்’ என்ற சொல்லில் மட்டும் அழுத்தம் கடைசி அசைக்குப் போகிறது.

கேள்வி: நான் மொழிபெயர்ப்பாளர். ‘டிஸ்ரப்ட்’, ‘சாபடாஜ்’ இரண்டுக்கும் ‘சீர்குலைப்பு’ என்றே போடலாமா?

பதில்: கூடாது. இரண்டும் வேறு ஊர், வேறு குணம்.

‘டிஸ்ரப்ட்’ லத்தீன் சொல். ‘ரும்பெரே’ என்றால் உடைத்தல், ‘டிஸ்’ என்றால் துண்டு துண்டாக. எரிமலை ‘இரப்ட்’ ஆவதும், பேச்சை ‘இன்டரப்ட்’ செய்வதும், ‘கரப்ட்’ ஆவதும், ‘பேங்க்ரப்ட்’டின் பின்பாதியும் இதே வேரிலிருந்துதான். இதில் எண்ணம் என்ற கூறு கிடையாது. மழையும் ரயில் ஓட்டத்தை ‘டிஸ்ரப்ட்’ செய்யும். ‘சாபடாஜ்’ செய்ய மழையால் முடியாது. அதற்கு ஒரு மனிதரும் அவருடைய நோக்கமும் வேண்டும், பெரும்பாலும் மறைவும் வேண்டும்.

எனவே ‘டிஸ்ரப்ட்’ வரும் இடத்தில் முதலில் காரணத்தைப் பாருங்கள். இயற்கையோ கோளாறோ என்றால் ‘பாதிப்பு’, ‘தடங்கல்’, ‘இடையூறு’ போதும். ‘கனமழையால் ரயில் சேவை சீர்குலைக்கப்பட்டது’ என்று எழுதினால் யாரோ திட்டமிட்டுச் செய்ததுபோல் ஒலிக்கிறது. ‘ரயில் சேவை பாதிக்கப்பட்டது’ என்பதே தமிழ். கூட்டத்தில் கூச்சல் போட்டுக் கலைப்பது என்றால் ‘சீர்குலைத்தல்’ பொருந்தும், அது வெளிப்படையாக நடப்பது. தொழில்துறையில் ‘டிஸ்ரப்டிவ்’ என்று புகழ்ச்சியாகச் சொல்வது தனிக் கதை. 1995-இல் ஜோசஃப் பவரும் கிளேட்டன் கிறிஸ்டென்சனும் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய பொருள் அது. முதலில் மலிவாகவும் தரம் குறைவாகவும் நுழைந்து, மெல்ல மேலேறிப் பழைய நிறுவனங்களை ஓரங்கட்டும் தொழில்நுட்பத்தைக் குறிப்பது. அங்கே ‘சீர்குலைக்கும்’ என்று போட்டால் புகழ்ச்சி வசையாகிவிடும். ‘தலைகீழாக்கும்’, ‘சந்தையைப் புரட்டிப்போடும்’ போன்றவை நெருக்கமானவை.

‘சாபடாஜ்’க்கு ஒரே சொல் போதாது. பாலத்துக்குக் குண்டு, கம்பி அறுப்பு என்றால் ‘நாசவேலை’. அலுவலகத்திலோ கட்சியிலோ கூட இருந்தே கெடுத்தால் ‘உள்ளடி வேலை’யைவிடக் கூர்மையான சொல் எந்த மொழியிலும் கிடைப்பது அரிது. ஒருவர் முயற்சியை மறைவாகக் கவிழ்ப்பது ‘குழிபறித்தல்’. பேச்சுவார்த்தையை நகரவிடாமல் செய்தால் ‘முட்டுக்கட்டை போடுதல்’. இந்தக் கடைசிச் சொல்லில் சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் கட்டை இருக்கிறது. பிரெஞ்சுக்காரரும் சக்கரத் தடைக் கட்டையை ‘ஸாபோ’ என்கிறார் என்று மேலே பார்த்தோம். ஒன்றிலிருந்து ஒன்று வரவில்லை, ஒரே காட்சியை இரண்டு மொழிகள் தனித்தனியே பார்த்திருக்கின்றன. ‘கீழறுப்பு’ சற்றே பழைய சொல், ஆட்சியை உள்ளிருந்து அரிப்பதற்குப் பொருத்தமானது. குறளின் ‘உட்பகை’ அதிகாரத்தில் 883-ஆம் குறள் ‘மட்பகை’ என்ற சொல்லைத் தருகிறது. சக்கரத்தில் சுழலும் பச்சை மண்ணை அடியில் அறுத்தெடுக்கும் குயவரின் கருவி அது. மேலே பார்த்தால் பானை முழுதாக இருக்கும், அடியில் அறுபட்டிருக்கும். ‘சாபடாஜ்’ என்ற செயலுக்கு இதைவிடத் துல்லியமான படத்தை நாங்கள் பார்த்ததில்லை.

‘செல்ஃப் சாபடாஜ்’ என்று உளவியல் கட்டுரைகளில் வருவதைச் ‘சுய நாசவேலை’ என்று எழுதாதீர்கள். ‘தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது’ நமக்கு இருக்கிறது. தலைப்பாக வேண்டுமானால் ‘தன்னைத் தானே கெடுத்துக்கொள்ளுதல்’ போதும்.

கேள்வி: ‘த்ரீ சாபடாஜஸ்’ என்று பன்மையில் எழுதலாமா?

பதில்: வேண்டாம். ஆங்கிலத்தில் அது எண்ண முடியாத பெயர்ச்சொல், ‘மழை’ போல. ‘த்ரீ ஆக்ட்ஸ் ஆஃப் சாபடாஜ்’ என்று எழுதுங்கள். அதையே வினையாகவும் பயன்படுத்தலாம், தனி வினைச்சொல் தேட வேண்டாம்.

கேள்வி: ‘பாய்காட்’ என்ற சொல்லும் இதே காலத்தில் பிறந்ததா?

பதில்: அது சற்று மூத்தது, பிறந்த நாடு அயர்லாந்து. 1880-இல் மேயோ மாவட்டத்தில் எர்ன் பிரபுவின் நிலங்களை நிர்வகித்தவர் சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட். வாடகையைக் குறைக்க மறுத்துக் குடியானவர்களை வெளியேற்ற முயன்றார். ஊரே ஒன்றுசேர்ந்து அவரை ஒதுக்கியது. வேலையாட்கள் வரவில்லை, கடைக்காரர் சரக்குத் தரவில்லை, தபால்கூட ஒழுங்காக வரவில்லை. அவருடைய வயலை அறுக்க வெளியூரிலிருந்து ஏறத்தாழ ஐம்பது பேரைக் கொண்டுவந்து, அவர்களைக் காக்க அதைப்போலப் பல மடங்கு படைவீரர்களையும் போலீசாரையும் நிறுத்த வேண்டியிருந்தது. சில மாதங்களிலேயே அவர் பெயர் வினைச்சொல் ஆகிவிட்டது.

இரண்டும் சந்தித்த இடம் துலூஸ். 1897 அறிக்கை பாய்காட்டையும் சாபடாஜையும் ஜோடியாகவே முன்வைத்தது. ஒன்று வாங்குபவரின் ஆயுதம், மற்றது செய்பவரின் ஆயுதம். பாய்காட் கதை உண்மையானது, ஆளும் ஆண்டும் ஊரும் ஆவணத்தில் இருக்கின்றன. செருப்புக் கதையில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. வித்தியாசம் அங்கேயே தெரிகிறது.

கேள்வி: இப்படிப்பட்ட சொற்கதைகள் வாட்ஸ்அப்பில் தினமும் வருகின்றன. நானே சரிபார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு. அரை மணி நேரம் போதும்.

முதலில் கதை சொல்லும் ஆண்டையும், சொல் எழுத்தில் முதலில் தென்படும் ஆண்டையும் பக்கத்தில் வையுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியும் மெரியம் வெப்ஸ்டரும் முதல் பதிவு ஆண்டைத் தருகின்றன. நடுவில் நூறாண்டு இடைவெளி இருந்தால் கதை பெரும்பாலும் பிற்காலத்தது. அடுத்து, சொல் எந்த மொழியிலிருந்து வந்ததோ அந்த மொழியின் அகராதிக்குப் போங்கள். இதைப் பலரும் தவிர்த்துவிடுகிறார்கள், தவறு நடப்பது இங்கேதான். ‘சாபடாஜ்’ விஷயத்தில் ஆங்கில அகராதி மட்டும் பார்த்தவருக்கு ‘ஒப்பேற்றுவது’ என்ற நடுப் பொருள் கண்ணில் படாமலே போகலாம். பிரெஞ்சு மொழிப் பெரும் அகராதி இணையத்தில் இலவசமாக இருக்கிறது. பிரெஞ்சு தெரியாவிட்டாலும் மொழிபெயர்ப்புக் கருவி வைத்து அந்தப் பதிவின் பிறப்புப் பகுதியை மட்டும் படிக்கலாம்.

பழைய நூல்களின் ஸ்கேன் பிரதிகளில் தேடும்போது இரண்டு பள்ளங்கள். ஒன்று, வடிவம் கிடைத்ததும் பொருளும் கிடைத்துவிட்டதாக எண்ணுவது. 1900-க்கு முந்திய பிரெஞ்சு நூல்களில் ‘சாபடாஜ்’ என்று தேடினால் வருவதில் கணிசமானவை ஸ்லீப்பர் கொத்தும் வேலையைப் பற்றியவை. தேடல் வரைபடம் அவற்றையும் சேர்த்தே எண்ணும். ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து முன்பின் இரண்டு வரி படித்த பிறகே கணக்கில் சேருங்கள். இரண்டாவது, தேதி. பல ஆண்டு வெளிவந்த இதழ்த் தொகுப்புக்கு முதல் இதழின் ஆண்டையே போட்டுவைக்கும் தளங்கள் உண்டு. 1923 இதழ் 1890 என்று காட்டும். அதே பக்கத்தில் அச்சான தேதியை உங்கள் கண்ணால் பார்க்காமல் எந்த ஆண்டையும் குறித்துக்கொள்ளாதீர்கள்.

கதையில் ஆள் பெயர், ஊர், ஆண்டு மூன்றும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒரே கதை ஒருமுறை நெதர்லாந்திலும் இன்னொருமுறை லியோனிலும் நடந்தால் இரண்டையும் ஒதுக்கிவிட்டு, கதை சொல்லாத விளக்கம் ஒன்று அகராதியில் இருக்கிறதா என்று தேடுங்கள். அது ஒரு வரியில், சுவை குறைவாக, ‘தடதடவென நடத்தல், வேலையை அரைகுறையாகச் செய்தல்’ என்பதுபோல இருக்கும்.